கால் கழுவிவிட்டு உள்ளே

கடற்கரையில் கூடாரம் போட்டுவிட்டால் அம்மாவுக்கு ஒரே சட்டம்தான்: கால் கழுவாமல் யாரும் உள்ளே நுழையக் கூடாது. படுக்கையில் பொட்டு மணல் பட்டாலும் வீடு திரும்பும்வரை புலம்புவாள்.

அன்று மாலையும் வாளியும் குவளையுமாக வாசலில் உட்கார்ந்திருந்தாள். பிஞ்சுக் கால்கள் இரண்டு எதிரே வந்து நின்றன. குனிந்த தலை நிமிராமல் தண்ணீரை ஊற்றினாள். சின்னவனுக்குக் கூச்சம் அதிகம், பாதத்தைத் தொட்டாலே துள்ளுவான். இன்று ஒவ்வொரு காலாக அவனே தூக்கிக் கொடுத்தான். விரலிடுக்கெல்லாம் ஜில்லென்றிருந்தது.

"இன்னைக்குத்தான்டா என் பேச்சைக் கேட்டிருக்கே. போ, துண்டு உள்ள இருக்கு."

அவன் அவளைத் தாண்டி உள்ளே போனான்.

அலையோரத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "ரெண்டும் தண்ணிய விட்டு வரமாட்டேங்குதுங்க. நீயே வந்து கூப்பிடு."

நிமிர்ந்து பார்த்தாள். பெரியவள் அவர் தோளில் இருந்தாள். சின்னவன் அவர் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

அவள் முதுகுக்குப் பின்னால், கூடாரத்தின் ஜிப்பை யாரோ உள்ளிருந்து மெதுவாக, மணல் புகாதபடி, அடிவரை இழுத்து மூடினார்கள்.