நடை தெரிந்த வைஃபை

யார் நடந்தாலும் நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடும் அந்த வீட்டு வைஃபை. முப்பது வருடம் ஓடும் பேருந்தில் நின்றபடி டிக்கெட் கிழித்த கதிரேசன், ஓய்வுபெற்ற பின்னும் காலை அகட்டி ஆடி ஆடித்தான் நடந்தார். ‘விழப்போகிறார்’ என்று துபாயில் இருக்கும் மகள் மகிழினிக்குத் தினமும் எச்சரிக்கை போனது. அவள் பயந்துபோய், நடைப்பயிற்சி சொல்லித்தர ஆள் அனுப்பினாள்.

“ஆடுற பஸ்ஸுலயே விழாதவன், வீட்டுத் தரையிலயா விழப்போறேன்?” என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்று மாதம் பயிற்சி செய்தார் கதிரேசன்.

இன்று காலை மகிழினி பதறிப்போய் அழைத்தாள். “அம்மா, வீட்டுக்குள்ள யாரோ புது ஆள் நடக்குறதா வைஃபை சொல்லுது! யாரும்மா அது?”

கூடத்தை எட்டிப்பார்த்த சுகந்திக்கு வெட்கம் கலந்த சிரிப்பு வந்தது.

“உங்கப்பாதான்டி. என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப இப்படித்தான் நடந்து வந்தாரு.”