நிழலை வெட்டச் சொன்னவர்

'ஆகஸ்ட் 12, செவ்வாய். ஞாயிற்றுக்கிழமை எடுத்த படத்தில் ஒரு தப்பு. கேமரா ஸ்டாண்டில், பத்து விநாடி டைமர், படம் ஆடவில்லை. ஆனால் ஜன்னலின் கீழ்க்கதவை மட்டும் திறந்து வைத்துவிட்டு மேல்கதவை மறந்துபோனேன். மடியில் இருந்த பிள்ளையின் முகத்தில் நல்ல வெளிச்சம். குனிந்திருந்த தாயின் முகம் இருட்டில் போய்விட்டது.'

இதுவரை எழுதிய மாரிச்செல்வி, அடுத்த வரியில் 'நாளை' என்று போட்டபோது குரல் கேட்டது.

"இந்தா தாயி, இதுல இருக்கிற பொம்பளையை மட்டும் வெட்டி எடுத்துரு."

கவுண்டர் மேல் செல்போனை வைத்துவிட்டு நின்றார் ஒரு பெரியவர். சலவை வேட்டி, தோளில் துண்டு. ஸ்டுடியோ முதலாளி ஹமீது சுல்தான் சாப்பிடப் போயிருந்தார். சாயங்காலம் அவர் நடத்தும் போட்டோ வகுப்பில்தான் மாரிச்செல்வி படிக்கிறாள்; பகலில் இங்கே வேலை.

செல்போனைப் பார்த்தாள். அதே ஞாயிற்றுக்கிழமைப் படம்.

டைரியை மூடி வைத்தாள்.

"இது நான் எடுத்த படம்தாங்கய்யா."

"நீயா? ரொம்ப நல்லதாப் போச்சு. எம் பேரன் அது. என் மகன் ராம்குமார் அவங்க ஆத்தாளுக்குப் போன்ல அனுப்பிருக்கான். வர்ற ஆவணியில குலசாமி கோயில்ல காதுகுத்து. பத்திரிகையில பேரன் படத்தைப் பெரிசாப் போட்டு, கீழ 'அபிராமம் ராமசுப்பிரமணியன் பேரன்'னு போட்டுரு."

மாரிச்செல்வி ஒரு தாளை எடுத்தாள்.

"அப்பா பேரு ராம்குமார். அம்மா பேரு?"

"அது வேணாம்."

"பத்திரிகைன்னா ரெண்டு பேரும்..."

"வேணாம்னா விடேன். எங்கள ஒரு வார்த்தை கேக்காம கட்டிக்கிட்டான். எங்கிட்டோ கடக்கரைப் பக்கத்துப் பொண்ணாம். ரெண்டு வருஷமா அவ மூஞ்சியும் பாக்கல, பேரும் கேக்கல. பேரன் என்ன பாவம் பண்ணான்? அவன் நம்ம ரத்தம்." படத்தைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். "நீயும் வெவரந்தான். எதை வெளிச்சத்துல வைக்கணும், எதை இருட்டுல வைக்கணும்னு தெரிஞ்சே வச்சிருக்க!"

"தெரிஞ்சு வைக்கலைங்கய்யா. அது என் தப்பு."

கஸ்டமரிடம் மறுபேச்சு கூடாது என்பது ஹமீது சுல்தான் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். அவள் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பெண்ணின் தலையைச் சுற்றி வெட்டினாள். தோளை வெட்டினாள். பிள்ளையின் நெஞ்சைச் சுற்றி ஐந்து விரல்கள் மிச்சம் இருந்தன.

"இந்தக் கை?" என்றார் அவர்.

"அதையும் எடுத்தா பிள்ளை அந்தரத்துல தொங்கும்யா."

"கம்ப்யூட்டருல எல்லாம் ஆகும்னாங்களே."

"கன்னத்தைப் பாருங்க. இந்தப் பக்கம் ஜன்னல் வெளிச்சம். அந்தப் பக்கம் மஞ்சளா மினுமினுக்குதே, அது எங்கருந்து வருது? அவ கட்டியிருக்கிற மஞ்சச் சேலையில வெளிச்சம் பட்டு, அது திரும்பிப் பிள்ளை மேல விழுது. அவள எடுத்துட்டாலும் அவ குடுத்த வெளிச்சம் உங்க பேரன் மூஞ்சியிலதான் இருக்கும்."

"நான் என்ன பாடமா கேக்க வந்தேன்? ஆகுமா, ஆகாதா?"

மாரிச்செல்வி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். தான் பேசுவது சரியா என்று வழக்கம்போல ஒரு சந்தேகம் வந்தது. வந்த சந்தேகம் நிற்காமல் போனது.

"ஆகும். நான் செய்ய மாட்டேன்."

"ஏத்தா, என்ன இம்புட்டு வாயி? அவ உனக்கு என்ன வக்கீல் பீஸா குடுத்தா? எதுத்தாப்புல இன்னொரு ஸ்டுடியோ இருக்கு, தெரியும்ல?"

"போங்க. அங்கன சுத்தமா வெட்டிக் குடுப்பாக. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்கய்யா. காது குத்துறப்ப பிள்ளையை யாரு மடியில உக்கார வைப்பீக?"

"இது என்ன கேள்வி? தாய்மாமன் மடியி..."

பெரியவர் துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

"தாயையே வெட்டிட்டா, தாய்மாமனை எங்கன போய்த் தேடுவீக?"

வெளியே ராமேஸ்வரம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பெரியவர் செல்போனை எடுத்துக் கொஞ்ச நேரம் பேரனைப் பார்த்தார்.

"சரி. அந்த இருட்டும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்."

"இருட்டா இருக்க வேணாம்யா. நாளைக்குக் காலையில வேற படம் எடுத்து வைக்கிறேன். அதுல முகம் தெரியும். பேரும் போடுவேன்."

"அவ வருவாளா?"

"வருவா."

"நீ சொன்னாக் கேப்பாளோ?"

"பிடிவாதக்காரிதான். ஆனா நான் சொன்னாக் கேப்பா."

"நல்ல போட்டோக்காரி வந்து வாச்சா எனக்கு!" படியிறங்கியவர் திரும்பி நின்றார். "பத்து மணிக்கு வாரேன். அப்படி என்ன மூஞ்சின்னு நானும் பாக்குறேன்."

அவர் சாலையைக் கடக்கும்வரை மாரிச்செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டைரியைத் திறந்து, 'நாளை' என்று நிறுத்திய வரியை முடித்தாள்.

'நாளை: ஜன்னலின் மேல்கதவையும் திறந்து வைக்க வேண்டும். பத்து மணிக்கு மாமனார் ஸ்டுடியோவுக்கு வருவதற்குள் படம் தயாராக இருக்க வேண்டும். டைமரை அமுக்கிவிட்டு ஓடிவந்து பிள்ளையை மடியில் வைக்கும்போது, இந்த முறை நான் தலை குனியக் கூடாது.'