ஒரு அளவு பெரியது

திரையில் விரலால் தள்ளத் தள்ளக் கறுப்புக் குளிர் ஜாக்கெட்டுகள் வந்துகொண்டே இருந்தன.

எல்லாம் பளபளப்பு. எல்லாம் உப்பிப்போய், தலையணைக்குக் கை முளைத்த மாதிரி.

மகள் ஆரபி அவனுடைய தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பி போட்டிருந்தாள். அதற்குள் இப்போது முடி இல்லை.

வெளியே ஸ்கார்பரோவில் இன்னும் முதல் பனி விழவில்லை.

அவளுடைய வகுப்பில் பாதிப் பிள்ளைகள் போடுகிற ஜாக்கெட் ஒன்று உண்டு. உள்ளே வாத்து இறகு, கையில் ஒரு முத்திரை. விலையைக் கேட்டால் போடாமலே வியர்க்கும். போன வருடம் அவள் அதைக் கேட்டபோது அவன் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டான்.

இந்த வருடம் அவள் கேட்கவில்லை. அவன்தான் வாங்க நினைத்தான். உண்மையானதையே. கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், அவளையே தொட்டுப் பார்த்து எடுக்கச் சொல்லி.

மனைவி வதனி விடவில்லை.

பிள்ளைக்கு இந்தக் குளிர்காலம்தான் கடைசி என்று டாக்டர் அவர்கள் இருவருக்கும் மட்டும் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலில், காருக்குள் இருந்து அழுதார்கள். வதனிதான் முதலில் நிறுத்தினாள். கண்ணாடியில் முகத்தைப் பார்த்துத் துடைத்துக்கொண்டாள்.

"அவளுக்கு ஒண்டும் தெரியக்கூடாது. எல்லாம் வழமை மாதிரித்தான்."

வழமை மாதிரி என்றால் சும்மா இல்லை. சாப்பாட்டை மிச்சம் வைத்தால் ஏச வேண்டும். போனைப் பறித்து வைக்க வேண்டும். அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் வாதாட வேண்டும். காசை அள்ளி இறைக்கிற அப்பாவைக் கண்டால் எந்தப் பிள்ளைக்கும் சந்தேகம் வரும்.

ஆகவே மலிவு.

சொந்தப் பிள்ளையிடம் கஞ்சத்தனம் காட்டுவதற்கு இவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று அவனுக்கு இதுவரை தெரியாது.

அவன் தேடியது அதே மாதிரியானது, ஆனால் அது இல்லாதது. இணையத்தில் அப்படிப்பட்டவற்றுக்குப் பஞ்சமே இல்லை. பாதி விலை, இன்று மட்டும் என்று நேற்றும் போட்டிருந்தார்கள். வாங்கிய ஒருத்தி அழகோ அழகு என்று எழுதியிருந்தாள். அடுத்தவள், ஒரு தரம் துவைத்ததும் வீடு கோழிக்கூடு ஆகிவிட்டது என்று திட்டியிருந்தாள். ஆரபி அதைத் தமிழில் சொல்லிச் சிரித்தாள்.

அவனும் சிரித்தான். சிரிப்பு உண்மையாகவே வந்துவிட்டது. அதற்காக வெட்கப்பட்டான்.

ஒன்றை அவள் நிறுத்தச் சொன்னாள். இடுப்பளவு. கறுப்பு. முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பறவை. வாத்தா காகமா என்று தைத்தவனுக்கே தெரிந்திருக்காது. அவள் படத்தைப் பெரிதாக்கினாள். முதுகைப் பார்த்தாள். பொக்கற்றுகளைப் பார்த்தாள்.

அவளுக்குப் பிடித்திருந்தது.

அதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அந்தப் போலியை அவளுக்கு மனதாரப் பிடித்திருந்தது.

அடுத்து, என்ன அளவு என்று திரை கேட்டது.

இந்த வீட்டில் எந்த உடுப்பையும் அளவாக வாங்கியதில்லை. வளர்கிற பிள்ளை. சப்பாத்து, பள்ளிக்கூடச் சட்டை, பிறந்தநாள் பாவாடை எல்லாம் ஒரு அளவு பெரியது. அவள் வளர்ந்து அதற்குப் பொருந்தி வருகிற நேரம் அது வெளிறிப் போயிருக்கும். அதற்காக ஒவ்வொரு தரமும் ஒரு சண்டை நடக்கும்.

அவன் பெரியதை அழுத்தினான்.

சண்டைக்குக் காத்திருந்தான்.

வரவில்லை.

அவளுடைய கை மெல்ல நீண்டது. ஊசி ஏற்றி ஏற்றி நீலம் பாரித்த கை. பெரியதை விலக்கிவிட்டு அவளுடைய அளவை அழுத்தியது.

அடுத்த வருடத்துக்குக் காணாதே, சின்னதாகிவிடுமே என்று அவன் வழக்கமாகச் சொல்வதையே சொன்னான். குரலில் ஒரு பிசகும் இல்லை. வதனி கேட்டிருந்தால் மெச்சியிருப்பாள்.

ஆரபி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அடுத்த வருசத்துக்கு வேண்டாம் அப்பா," என்றாள். "இந்த வருசம் வடிவாப் போடுறன்."

எப்போதிருந்து இவளுக்குத் தெரியும்?

எவ்வளவு ஏசினார்கள். போனைப் பறித்தபோது எப்படிக் கோபித்துக்கொண்டு அறைக்குள் போனாள். பள்ளிக்கூடச் சண்டையில் அம்மாவின் பக்கம் நின்று எவ்வளவு வாதாடினாள். எல்லாம் தெரிந்துகொண்டே.

திரை கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்தால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும் என்று அப்போதும் நினைத்தான்.

சமையலறையிலிருந்து வதனி கேட்டாள்.

"பெரிசாத்தானே எடுக்கிறியள்?"

அவன் ஆரபியைப் பார்த்தான்.

"ஓம் அம்மா," என்றாள் ஆரபி. "நல்ல பெரிசு. நீங்களும் போடலாம்."

உள்ளே வதனி சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆரபி அந்தச் சிரிப்பு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவனுடைய விரலைப் பிடித்து, வாங்கு என்று எழுதியிருந்த இடத்தில் வைத்தாள்.