இன்னும் அஞ்சு நாள்

“ஐயோ, கடிச்சுராதீங்க!”

மாதேஸ்வரன் போட்ட சத்தத்தில், மாப்பிள்ளை வீடு பார்க்க ஓசூரிலிருந்து ஜவளகிரிக்கு வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். கல்யாணப்பெண் சுப்ரியாவின் வாயருகே ஒரு வெள்ளரிப்பிஞ்சு.

“பூச்சி விழுந்துருச்சுங்க. நேத்துதான் வேர்ல மருந்து ஊத்தினேன். அது செடிக்குள்ள ஏறிக் காய் வரைக்கும் போயிரும். கழுவினாலும் போவாது. இன்னும் அஞ்சு நாள் ஆவணும்.”

அவன் அம்மா பூவம்மாள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. விவசாயி என்று சொன்னதுமே இதுவரை மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. ஓசூர்க்காரர் ஒருவர் வலிய வந்து பெண் தருகிறேன் என்றதே பெரிய அதிசயம். அதையும் இவன் வாயாலேயே கெடுத்துக்கொண்டானே!

“அப்ப இந்தக் காயையெல்லாம் யாரு திங்கிறது?” பெண்ணின் அப்பா ரத்தினவேல் கறாராகக் கேட்டார்.

“யாரும் இல்லீங்க மாமா. அந்தக் குழிதான்.”

வேலியோரம் வெட்டியிருந்த குழியில் பச்சைப்பசேலென்று பிஞ்சுகள் கிடந்தன. பாதிக்கு மேல் மண் தள்ளியாகிவிட்டது.

“பறிக்காம விட்டா முத்திப்போயி, செடி காய்க்கிறத நிறுத்திரும். அதான் இந்த அஞ்சு நாளும் பறிச்சுப் பொதைச்சிருவேன். மாட்டுக்குக்கூடப் போடறதில்ல.”

“உங்ககிட்ட காய் வாங்குற கம்பெனி லாரியில ஏத்திவிட்டா, எந்தக் காய்ல மருந்துன்னு யாருக்குப்பா தெரியப்போவுது?”

“திங்கிறவங்களுக்குத் தெரியாதுங்களே. அதனாலதான் ஏத்தல.”

பிழைக்கத் தெரியாத பிள்ளைதான். ஆனால் என்ன பிள்ளை! பெற்றவளுக்கு மட்டும் அந்த நேரத்தில் பெருமைப்படத் தோன்றவில்லை. ரத்தினவேல் மகள் பக்கம் திரும்பியதும் பூவம்மாள் முந்திக்கொண்டாள்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. தரகர் ரொம்ப நல்ல எடம்னு சொன்னாரு... இவன் எப்பவும் இப்படித்தான், எதையும் மறைக்கத் தெரியாது.”

“அவரு எப்பவும் இப்படித்தான்னு எனக்கும் தெரியும் அத்தை,” என்றாள் சுப்ரியா. “தரகரை இங்க அனுப்பினதே நான்தான். வெளிநாட்டுக்குப் போற வெள்ளரியில மருந்து தங்கியிருக்கான்னு சோதிச்சுப் பார்க்கிறதுதான் அந்தக் கம்பெனியில என் வேலை. மூணு வருஷத்துல ஒரு மூட்டைகூட நான் திருப்பி அனுப்பாத ஒரே பேரு, மாதேஸ்வரன்தான்!”