சூடான பானட்

விலைக்குப் போட்டிருந்த காரைப் பார்க்க டோலிடோவிலிருந்து வந்த மூன்றாவது ஆளும் பானட்டில் கைவைத்ததும் முகம் சுளித்தார்.

"சூடா இருக்கே! ஆறின இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதுன்னு முன்னாடியே ஓடவிட்டு வெச்சிருக்கீங்களா?"

"நானே பிரிச்சு மாட்டின இன்ஜினுங்க. டோனட் வாங்க நடந்தே போயிட்டு இப்பத்தான் வந்தேன், வண்டியைத் தொடவே இல்லை," என்றார் வெர்னன். வந்தவர் நம்பாமல் போய்விட்டார்.

"இந்தப் பழைய மஸ்டாங்கைத் தலைமுழுகுன்னு பத்து வருஷமா கத்துறேன். விக்கத் துப்பிருக்கா உனக்கு?" சமையலறையிலிருந்து மனைவி லொரீன் கத்தினாள்.

காரை ஷெட்டில் விட ஏறினார் வெர்னன். ஸ்டியரிங்கில் முழங்கால் இடித்தது. குள்ளமான லொரீனுக்கு ஏற்றபடி சீட் முன்னால் தள்ளியிருந்தது.

"அடுத்த ஆள் எப்ப வர்றான்?" என்றாள் லொரீன்.

"நாளைக்குப் பத்து மணிக்கு," என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஒன்பதரைக்கு நான் டோனட் வாங்கப் போயிடுவேன். சாவி மேசை மேலதான் இருக்கும்."