டிஸ்க்கில் ஓர் அகராதி

"பிழைக்காதுன்னே சொல்லிடுங்க டாக்டரம்மா. நான் மனசைத் தேத்திக்கறேன்."

அகராதி ஐயா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று நாளாக இதே பாட்டு. டாக்டர் திரையிலிருந்து பார்வையை எடுக்காமல், "இன்னும் சுத்திக்கிட்டுதான் இருக்கு ஐயா. அதுக்குள்ள ஒப்பாரி வைக்காதீங்க" என்றாள்.

அவள் மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவள் இல்லை. கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து தகவலை மீட்டுக் கொடுப்பதுதான் அவள் தொழில். பதினோரு வருடத்தில் ஒரு டிஸ்க்கையும் கைவிட்டதில்லை என்பதால் வாடிக்கையாளர்கள் சூட்டிய பட்டம், டாக்டர். அந்தப் பட்டத்தின் மேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இப்போது அவள் முன்னால் இருந்தது, அகராதி அலுவலகத்தின் பின்னறையில் பதினெட்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய யூனிக்ஸ் சர்வர். உள்ளே இருந்த டிஸ்க் நிமிடத்துக்கு நாலு தடவை 'டக், டக்' என்று விக்கியது. ஐயா தனி ஆளாகத் தட்டிச் சேர்த்த தமிழ்ப் பேரகராதி முழுக்க அதில்தான். வேறு பிரதி கிடையாது. ஒரு நகல் எடுத்து வைக்கலாமே என்று யாராவது சொன்னால், "என் பிள்ளையை நானே பார்த்துக்கறேன்" என்று கதவைச் சாத்திக்கொள்வார்.

டிஸ்க் முனகுகிறது என்று கேள்விப்பட்டதும் டாக்டரை அனுப்பிவைத்தவர் பதிப்பாளர் அம்மா. இத்தனை வருடமும் மாதம் தவறாமல் ஐயாவுக்குச் சம்பளம் கொடுத்துவரும் புண்ணியவதி.

"டிஸ்க் பிழைச்சா திங்கட்கிழமை அச்சுக்குப் போகுது. பிழைக்கலைன்னா, பாவம் மனுஷன், முதல்லேர்ந்து எழுதட்டும். இன்னும் பத்து வருஷம் ஆனாலும் காத்திருக்கேன்" என்று ஐயாவின் காதுபடவே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

டாக்டரின் முறை எளிமையானது. நன்றாக இருக்கும் இடங்களை முதலில் நகலெடுப்பாள். முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் வந்து, திரும்பத் திரும்பக் கெஞ்சுவாள். நடுவில் மட்டும் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் இந்த வயசில் மறுபடி கிளம்பாது. இதை ஐயாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

ஐயாவுக்கோ பதற்றத்தில் கை சும்மா இருக்கவில்லை. முதல் நாள், டம்ளர் நிறைய டீ கொண்டுவந்து சர்வரின் தலையிலேயே வைத்தார். இரண்டாம் நாள், "ஓங்கி ஒரு தட்டு தட்டினா சரியாகிடுமோ?" என்று கையைத் தூக்கினார். இன்று காலையில், "ஒரு தடவை அணைச்சுட்டுப் போடலாமே" என்று சுவிட்சின் மேலேயே விரலை வைத்துவிட்டார்.

"ஐயா! கையை எடுங்க! பதினெட்டு வருஷ உழைப்பு!"

"அதானே... உழைப்பு..." ஐயா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "கவலைப்படாதீங்க. உங்க அகராதியை உங்க கையில குடுக்காம நான் வீட்டுக்குப் போறதா இல்ல."

"உங்களை வீட்டுல தேட மாட்டாங்களாம்மா?" என்றார் ஐயா ஈனசுரத்தில்.

நகலெடுத்ததில் முக்கால்வாசிக்கு மேல் வெறும் பூஜ்யங்களாகவே, அதாவது காலி இடமாகவே வந்திருந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்து என்ன படமா, பாட்டா, இடத்தை அடைத்துக்கொள்ள?

மத்தியானம் கடைசி முரட்டு இடமும் மசிந்தது. 'படிக்க முடியாதவை: 0' என்று திரையில் விழுந்ததும் டாக்டர் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினாள்.

"ஐயா, பிழைச்சுடுச்சு!"

ஐயா ஓவென்று அழுதார். ஆனந்தக் கண்ணீர்தான், அழட்டும் என்று விட்டுவிட்டு, அவள் பதிப்பாளருக்குப் போன் போட்டாள்.

கால் மணி நேரத்தில் பதிப்பாளர் அம்மா கையில் பூங்கொத்தோடு மூச்சிரைக்க வந்து நின்றார். "திறம்மா, திறம்மா, என் கண்ணால பார்க்கணும். கண்ணாடியை வேற மறந்துட்டு வந்துட்டேன், நீயே படி."

டாக்டர் கோப்பைத் திறந்தாள். முதல் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள். கடைசிப் பக்கத்துக்குப் போனாள். சிரிப்பு அப்படியே நின்றது. மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள், திரும்பி ஐயாவைப் பார்த்தாள். ஐயா மின்விசிறிக்கு எத்தனை இறக்கை என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, ஏதாவது விட்டுப்போச்சா?"

"இல்ல மேடம். ஐயா எழுதினதுல ஒரு புள்ளிகூடப் போகல."

"சபாஷ்! எழுத்து வரிசைப்படிதானே இருக்கு? 'அ'விலேர்ந்து?"

"ஆமா மேடம், 'அ'விலேர்ந்துதான்."

"கடைசி வார்த்தை என்னன்னு படி, காது குளிரக் கேக்கறேன்."

டாக்டர் திரையின் கடைசி வரியில் விரலை வைத்தாள். "அப்புறம்..."

"ம், சொல்லும்மா. அப்புறம்?"

"அதுதான் மேடம் கடைசி வார்த்தை."