சாய்ந்து நின்ற படம்

முருங்கைக்கீரையை உருவி முறத்தில் போட்டுக்கொண்டே கன்னிகா தம்பியை முறைத்தாள்.

"டேய் சஞ்சய், அந்த கேம் பெட்டியைக் கீழ வைடா. பொண்டாட்டி படுத்த படுக்கையா கீறா. உனுக்கு விளையாட்டு கேக்குதா?"

"விளையாடலக்கா. இதுல கம்பெனி போட்ட சிஸ்டத்தை எடுத்துட்டு லினக்ஸ்னு வேற சிஸ்டம் ஏத்திக்கினு கீறேன். பழைய சிஸ்டத்துல கேமைத் தவிர வேற ஒண்ணும் ஓடாது."

"ஓடலன்னா உக்காரட்டும். நீ எழுந்து ஒரு கை வேலை செய்."

அவன் நிமிரவில்லை. மடியில் பெட்டி, பக்கத்தில் லேப்டாப், நடுவில் ஒரு வயர்.

உள்ளறையில் சுஷ்மிதாவுக்கு ஆறாம் மாதம். மூத்தவள் பிரித்திகாவுக்கு அப்புறம் தங்கிய ஒன்று இதே ஆறாம் மாதத்தில்தான் கலைந்துபோனது. இந்தத் தடவை எழுந்து நடக்கவே கூடாது, இடது பக்கமாக ஒருக்களித்தே படுத்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் கன்னிகா ராமகுப்பத்துப் பட்டுப்புழுக்களைப் புருஷன் தலையில் கட்டிவிட்டு, திருப்பதியில் தம்பி வீட்டுக்கு வந்து கீரை உருவிக்கொண்டிருக்கிறாள்.

வாசலில் ஒரு வேன் ஹாரன் அடித்தது. மலையடிவாரத்து அலிபிரிக்குப் போகிற ரோடு. வண்டிகள் ஓய்வதே இல்லை.

"ஏய் பிரித்திகா! கேட்டாண்ட போனே, காலை ஒடிச்சிடுவேன்!"

கன்னிகா போட்ட சத்தத்தில் நாலு வயசுப் பிரித்திகா அசையவில்லை. உள்ளறைக் கதவுதான் திறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சுஷ்மிதா நின்றாள்.

"பாப்பாவுக்கு இன்னா ஆச்சு அண்ணி?"

"ஒண்ணும் ஆவல. நீ ஏன் எழுந்தே? காலையிலேருந்து எத்தினி தபா சொல்றது?"

"சத்தம் கேட்டா மனசு கேக்க மாட்டேங்குது அண்ணி."

சஞ்சய் தலையைத் தூக்கிப் பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான். மறுபடி பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

கன்னிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுஷ்மிதாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்துவிட்டு வந்து சொன்னாள்: "கல்லுடா நீ. நல்ல கருங்கல்லு."

மறுநாள் விடிந்ததுமே சாய்குமார் வந்தான். ஸ்ரீசிட்டி பாக்டரியில் சஞ்சயோடு ஒரே ஷிப்டில் வேலை செய்பவன். வந்ததும் வராததுமாக ஸ்டூல் போட்டு ஏறி, வராண்டா தூணில் ஒரு கேமராவை மாட்டினான்.

"இது எதுக்குப்பா?"

"ஒரு பத்திரத்துக்குத்தான்கா."

"இந்த வீட்ல திருட இன்னா கீது? முருங்கைக்கீரையா?"

சாய்குமார் சிரித்துக்கொண்டே இறங்கி, சஞ்சய் கையிலிருந்த பெட்டியை எட்டிப் பார்த்தான்.

"ஏம்ரா, படம் படுத்துக்கினு கீதே!"

கன்னிகாவும் எட்டிப் பார்த்தாள். உண்மைதான். எழுத்து, படம் எல்லாமே பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன.

"இந்த மாடலுக்கு யாருமே லினக்ஸ் ஏத்தினதில்லடா" என்றான் சஞ்சய். "சவுண்டு, பட்டன் எல்லாம் ஒவ்வொண்ணா நானே பொருத்தினேன். ஸ்கிரீனைத் தயாரிக்கும்போதே பக்கவாட்டுல மாட்டியிருக்கான். அதான்."

"ஒரு வரி சேத்தா நேராயிடும். நகரு, நான் எழுதறேன்."

"தொடாதே. அப்படியே இருக்கட்டும்."

"சரி, காலேஜ்லேருந்து நீ ஆடி ஜெயிச்சதெல்லாம் இதுல இருந்திச்சே?"

"அழிஞ்சிபோச்சு. போவட்டும் விடு."

கன்னிகா கீரைக் காம்பை அள்ளிக் குப்பையில் வீசினாள். இத்தனை நாள் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்தான். முடிகிற நேரத்தில் ஒரு வரி எழுத உடம்பு வணங்கவில்லை. அரைகுறை!

சாய்குமார் போனதும், இன்றைக்கு இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். முதலில் சுஷ்மிதாவிடம் சொல்லி வைக்க வேண்டும். மத்தியானம் கீரை சூப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டிலுக்கு எதிரே ஸ்டூலின் மேல் அந்தப் பெட்டி நின்றது. இங்கேயுமா?

"உன் புருஷன் லட்சணத்தைப் பாத்தியா? கோணலா விட்டுட்டு, அதைக் கொண்டாந்து உன் முன்னால வேற வெச்சிட்டான்."

சுஷ்மிதா இடது பக்கமாக ஒருக்களித்தபடியே சிரித்தாள். "இங்க வந்து, என்னாட்டம் தலையை வெச்சிப் பாருங்க அண்ணி."

கன்னிகா தரையில் முட்டி போட்டு, தலையணை ஓரத்தில் கன்னத்தைச் சாய்த்தாள்.

பெட்டியில் தெரிந்த வாசல் கேட்டு நேராக நின்றது. ரோட்டில் வேன்கள் நேராகப் போயின. வராண்டாப் படியில் பிரித்திகா நேராக உட்கார்ந்து, செருப்புக்கு மண்ணால் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வீட்ல கீற ஒரே பெரிய போனை அவரு வேலைக்கு எடுத்துக்கினு போயிடறாரு. நான் படுத்த இடத்துலேருந்தே பாப்பாவைப் பாக்கணும்னுதான் இதெல்லாம்" என்றாள் சுஷ்மிதா. "காலையிலேருந்து நான் ஒரு தபா கூட எழுந்திருக்கல அண்ணி."

கன்னிகா தரையிலிருந்து எழுந்தாள். ஷிப்டுக்குக் கிளம்பிச் சட்டைப் பட்டனைப் போட்டபடி வாசற்படியில் நின்ற தம்பியைப் பார்த்தாள்.

"டேய்... வாயைத் திறந்து சொல்லக் கூடாதாடா? நான் பாட்டுக்கு உன்னைக் கருங்கல்லு, அது இதுன்னு..."

"அண்ணி, ஓடுங்க! பாப்பா கேட்டுக் கொக்கியை எடுக்குது!" படுத்த இடத்திலிருந்து அசையாமல் சுஷ்மிதா கத்தினாள்.

"வந்து பேசிக்கறேன்டா உங்கிட்ட!" கன்னிகா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். "கட்டினவளை இப்படித் தாங்கறவன், கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை..."